மனை விலையும் மாட்னி டிக்கெட்டும்

சென்னை அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள், தபால்தலை சேகரிக்கும் பழக்கமுள்ளவர்கள் மாத்திரமே தேடிக்கொண்டு போகும் பழங்கட்டடம் ஒன்று இருக்கிறது. சாலையில் நாள்தோறும் போய் வருகிற ஜனங்களில் அதை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலர். பார்ப்பவர்களிலும் அதன் பூர்வ சரித்திரம் அறிந்தவர் மிகச் சிலர். வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் 1913-ம் ஆண்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் என்னும் பெயரில் திறந்த சினிமாக் கொட்டகை அது. இரண்டே ஆண்டுகளில், 1915-ல், தபால் இலாகா அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. படம் நின்றது, கட்டடம் நிலைத்தது. அந்தக் கொட்டகை எழுந்த பின் அச்சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் எழும்பிப் பிரசித்தி பெற்ற கெயிட்டியும் எல்பின்ஸ்டனும் வெலிங்டனும், அவற்றுக்கு வெகுகாலம் பிந்தி வந்த ஆனந்தும் சபையரும் சாந்தியும் ஒவ்வொன்றாக இடிபட்டு மறைந்துவிட, எல்லாவற்றுக்கும் மூத்த கொட்டகை மாத்திரம், சினிமாத் தொழிலை ஆதியிலேயே துறந்துவிட்ட காரணத்தால் ஆயுள் பெற்று நிற்கிறது. இந்த விசித்திரத்துக்குக் காரணம் தேடப் புகுந்தால், ஒரு நகரம் தன் மனைகளை எவ்விதம் உருமாற்றிக்கொள்ளுகிறது, அந்த உருமாற்றத்தில் எதை யாருடைய சொத்தென்று கருதுகிறது என்ற பெரிய விஷயத்துக்குள் போய்ச் சேருகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் சென்னைக்கு வந்த சலனப்படத்துக்குச் சொந்த வீடு கிடையாது. விக்டோரியா பப்ளிக் ஹால் போன்ற பொது மண்டபங்களில் வேறு கேளிக்கைகளோடு இடம் பகிர்ந்துகொண்டு சில நாள் தங்கும். மைதானங்களில் கூடாரம் அடித்துச் சில வாரம் இருக்கும். பின்பு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியதும், அந்தச் சஞ்சாரம் ஒருவாறு ஓய்ந்த பின் 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கைக் கட்டியதும், அக்காலத்துச் சினிமாவின் சுபாவத்தை நமக்கு நன்றாகக் காட்டுகின்றன. சென்னையில் 1911-ல் பிராட்வேயில் க்ளூக் என்னும் மாது தொடங்கிய பயாஸ்கோப் சில மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. நாடோடியாக இருந்ததை ஓரிடத்தில் குடியிருத்துவதற்கு, தினமும் மாலையில் பணமும் ஓய்வும் உள்ளவர்கள் வந்து கூடுகிற ஒரு தெரு தேவைப்பட்டது. அந்தத் தெரு, இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோடு.

அன்றைய மவுண்ட் ரோடு இன்றைய சாலையைப் போல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் கட்டடங்களின் வரிசை அன்று. ஸ்பென்சர், ஹிக்கின்பாதம்ஸ், பி. ஆர் அண்டு சன்ஸ், சிம்ப்சன் முதலிய ஐரோப்பிய வியாபார ஸ்தாபனங்கள் விசாலமான காம்பவுண்டுகளுக்கு நடுவே கம்பீரமாக வீற்றிருந்தன. குதிரை வண்டியில் வந்திறங்கும் துரைமாரையும் துரைசானிகளையும் எதிர்பார்த்தே அவை கட்டப்பட்டிருந்தன. 1895-லேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்ட நகரம் இது. மின்சாரமே அதிசயமாக இருந்த அக்காலத்தில் அந்த அதிசயத்தையே பெயராகச் சூட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் தியேட்டர் இத்தெருவில் எழுந்தது பொருத்தமே. அடுத்த ஆண்டே, மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வந்து போட்டோப் பிடிக்கும் தொழில் நடத்திக்கொண்டிருந்த ரகுபதி வெங்கையா, மவுண்ட் ரோடை ஒட்டிய பிளாக்கர்ஸ் ரோடில் கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமாக எழுந்த முதல் சினிமா அரங்கு அதுவே. பின்னர் அவர் தங்கசாலைத் தெருவில் கிரௌனையும், புரசைவாக்கத்தில் பிற்பாடு ராக்ஸி என்று பெயர் மாறிய குளோபையும் ஏற்படுத்தினார். தம் குமாரர் பிரகாஷை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படப்பிடிப்புக் கற்றுவரச் செய்து, 1921-ல் ஒரு படக் கம்பெனியும் தொடங்கினார். தென்னிந்தியாவின் படத்தொழில், கொட்டகை வாசலில் வசூலான சில்லறையிலிருந்து முளைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தத் தொழில் எவ்வளவு தனியாருடையதோ அவ்வளவுக்குச் சர்க்காரின் கண்காணிப்புக்கும் உட்பட்டதாக ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1918-ம் வருஷத்துச் சினிமாட்டோகிராப் சட்டம், லைசென்ஸ் இல்லாத இடத்தில் படம் காட்டலாகாது என்று விதித்தது. 1920-ல் சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தது. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்னும் ரசாயனத்தால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் எளிதில் அணையாது. ஆகையால் ஆபரேட்டர் அறைக்குத் தீப்பிடிக்காத சுவர், அதிலிருந்து படம் பாய்வதற்குச் சிறு துவாரம், ஜனங்கள் விரைந்து வெளியேறப் போதிய வாயில்கள் என்று ஒவ்வொன்றையும் அதிகாரிகள் பார்த்து அனுமதி அளித்தார்கள். நாம் பழைய தியேட்டர் என்று மனத்தில் வைத்திருக்கும் உருவத்தில் முகப்பின் அலங்காரம் முதலாளியின் ரசனை. பக்கவாட்டுக் கதவுகளும் நடைபாதைகளும் சுற்றிலும் விட்ட வெற்றிடமும் சட்டத்தின் கைவேலை.

உள்ளே இருந்த ஏற்பாடோ தமிழ்நாட்டுக்கு அதுகாறும் பழக்கமில்லாதது. கோயில் மண்டபத்திலும் தெருக்கூத்திலும் ஜமீன்தார் மாளிகைச் சதிரிலும், யார் எங்கே உட்காரலாம், யார் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதைப் பிறப்பும் அந்தஸ்தும் நிர்ணயித்தன. சினிமாக் கொட்டகையிலோ தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்ற பிரிவினை டிக்கெட்டின் விலையைப் பொறுத்தது. தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-ல் வெளிவந்த தம்முடைய நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். பணத்தின் ஏற்றத்தாழ்வு அங்கே இல்லாமற் போகவில்லை. ஆனால் தரை டிக்கெட்டுக்காரன் எழுப்பும் சீழ்க்கையும் சோபா டிக்கெட்டுக்காரர் அடக்கிக்கொள்ளும் சிரிப்பும் ஒரே காற்றில் கலந்தன. அந்தச் சேர்க்கையை நடத்திக்காட்டிய வேறு கட்டடம் அன்றைய நகரத்தில் அரிது.

இதில் மவுண்ட் ரோடுக்கென ஒரு விசேஷமும் உண்டு. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று கொண்டாடப்படுகிற 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ம் தேதி வெளியானது ஜார்ஜ் டவுன் பக்கத்துக் கினிமா சென்ட்ரலில். மவுண்ட் ரோடுக் கொட்டகைகள் வெகுகாலம் ஆங்கிலப் படங்களையே பிரதானமாக நம்பியிருந்தன. பாஷை விளங்காவிட்டாலும் சண்டையும் சர்க்கஸும் பார்ப்பதற்காகத் தரை டிக்கெட்டில் வந்த கூட்டம் அவற்றுக்கும் உண்டு. எல்பின்ஸ்டனுக்குப் போகிறவர்களில் படத்துக்காகப் போனவர் பாதி, அங்கிருந்த ஜாபர் ஐஸ்கிரீமுக்காகப் போனவர் பாதி என்று பழைய சென்னைவாசிகள் வேடிக்கையாகச் சொல்லுவார்கள். அந்த வேடிக்கைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு தியேட்டர் தனியாக இருப்பதில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், சோடாக் கடைக்காரர், பாட்டுப் புத்தகம் விற்கும் பையன், முறுக்குத் தட்டு ஏந்தியவர், தட்டி எழுதும் ஓவியர், இரண்டாம் ஆட்டம் விட்டபின் சவாரிக்குக் காத்திருக்கும் ரிக்‌ஷாக்காரர், நள்ளிரவு வரை அடுப்பை அணைக்காத ஓட்டல்காரர் என்று அந்த வட்டாரமே அதன் காட்சி நேரத்துக்கு ஏற்பத் தன் நாளை வகுத்துக்கொண்டது. தியேட்டர் இருந்த மனையை அளக்கச் சர்வேயரின் சங்கிலி போதும். அதை நம்பியிருந்த இடத்தை அளக்க அது போதாது.

சுதந்திரத்துக்குப் பின், முக்கியமாக அறுபதுகளில், மவுண்ட் ரோடு இரண்டாம் முறை படமாளிகைகளின் வீதியாயிற்று. இம்முறை கட்டியவர்களும் நம்மவர்கள், பெருவாரியாகப் பார்த்ததும் நம் மொழிப் படங்கள். ஜி. உமாபதி கட்டுவித்து, சிவாஜி கணேசனின் உடைமையாக மாறிய சாந்தி 1961-ல் திறந்தது. குளிர்சாதன வசதியும் மெத்தை இருக்கையும் சாதாரண மக்களின் அனுபவத்துக்கு வந்தன. அவ்வாண்டு 'பாவ மன்னிப்பு' வெளியானபோது படத்தின் பெயர் தாங்கிய ராட்சத பலூன் ஒன்றைச் சாந்திக்கு மேலே ஆகாயத்தில் பறக்கவிட்டார்கள். படம் பார்க்க வராதவர்களும் பலூன் பார்க்க வந்தார்கள். மறு ஆண்டு உமாபதி ஆனந்தைக் கட்டினார். 1973-ல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழ'னைத் தாமே தயாரித்தார். ஜெமினி ஸ்டூடியோவுக்கு அருகே 1964-ல் எழுந்த சபையர் வளாகம் சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்னும் மூன்று அரங்குகளை ஒரே கூரையின் கீழ் கொண்டிருந்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது என்று பெயர் பெற்றது. புளூ டயமண்டில் காட்சிகள் இடைவிடாமல் சுழன்றுகொண்டிருக்கும். எந்த நேரத்திலும் நுழையலாம், நடுவிலிருந்து பார்த்துவிட்டு அடுத்த சுற்றில் ஆரம்பத்தைத் தெரிந்துகொள்ளலாம். வேலை தேடி நகரத்துக்கு வந்து, வெயில் நேரத்தைக் கழிக்க இடமில்லாமல் அலைந்த இளைஞர்களுக்கு அந்தக் குளிர்ந்த இருள் எத்தகைய தர்மசத்திரமாக விளங்கியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1970-ல் தேவி வந்தது. அதன் வளாகத்துத் தேவி பாரடைஸில் படிக்கட்டுக்குப் பதிலாக அமைந்த சரிவுப்பாதையில் சுற்றிச் சுற்றி ஏறுவதே குழந்தைகளுக்கு ஒரு காட்சியாயிற்று.

இத்தனை செழிப்பு ஒரு தலைமுறைக்குள் எப்படிக் கலைந்தது? 1975-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததையும், அதைத் தொடர்ந்து வீடியோவும் கேபிளும் வந்ததையும் காரணமாகச் சொல்லுவது வழக்கம். அவை காரணங்கள்தாம், ஆனால் முழுக்காரணம் ஆகா. 2005-ல் வெளியான 'சந்திரமுகி' அதே சாந்தியில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. கூட்டம் முற்றிலும் கைவிட்ட கொட்டகைகள்தாம் இடிக்கப்பட்டன என்று கூறுவதற்கில்லை. உண்மையான கணக்கு வேறு. ஒரு தியேட்டருக்குள் இருக்கும் பரப்பில் பெரும்பகுதி வெறும் ஆகாசம். திரைக்கும் பால்கனிக்கும் நடுவே உள்ள அந்த வெற்றிடந்தான் படத்துக்கு ஜீவன், வியாபாரக் கணக்கிலோ அது வாடகை கொடுக்காத இடம். மனைப் பரப்பின் இத்தனை மடங்கு கட்டலாம் என்று நகரமைப்பு விதி தளப்பரப்புக் குறியீட்டை நிர்ணயிக்கிறது. 2019-ல் வகுத்த விதிகளின்படி உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கே அது இரண்டு மடங்கு. அனுமதிக்கப்பட்ட அந்தப் பரப்பு முழுவதையும் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் அடுக்கி வாடகைக்கு விட்டால் வரும் ஆதாயத்தோடு, நாளொன்றுக்கு நான்கு காட்சிகளை நம்பியிருக்கும் ஒற்றை அரங்கு போட்டியிட முடியாது.

போட்டியிட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தியேட்டரின் வரவுக்குச் சர்க்கார் வரம்பு கட்டியிருந்தது. 1939-ம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டம் ஒவ்வொரு டிக்கெட்டிலும் பங்கு கேட்டது. டிக்கெட்டின் உச்ச விலையை அரசாணை தீர்மானித்தது. சென்னையின் பல திரை வளாகங்களில் 120 ரூபாய் என்ற வரம்பு 2017 வரையில் நீடித்தது, குளிர்சாதன வசதியுள்ள தனி அரங்குகளுக்கோ 50 ரூபாய்தான். மாட்னி டிக்கெட்டுக்கு உச்சவரம்பு இருந்தது, அந்த மாட்னி நடந்த மனையின் விலைக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. ஒன்று கட்டுண்டு நிற்க மற்றொன்று கட்டறுத்து ஓடினால், கடைசியில் எது எதை விழுங்கும் என்பதற்குப் பொருளாதாரப் புலமை வேண்டியதில்லை. எல்பின்ஸ்டன் இருந்த இடத்தில் ரஹேஜா வளாகம் எழுந்தது. வெலிங்டன் இருந்த இடத்தில் வெலிங்டன் பிளாசா. அங்கே பெயராவது மிஞ்சியது. கெயிட்டி இடிந்தது. சபையர் 1994-ல் மூடப்பட்டு, மனை ஓர் அரசியல் கட்சியின் கைக்குப் போய், நெடுங்காலம் எதுவும் எழாத வெற்று நிலமாகக் கிடந்தது. ஆனந்தும் போயிற்று. சாந்தி 2016-ல் தன் கடைசிக் காட்சியை நடத்தி முடித்து, வணிக வளாகத்துக்கு இடம் விட்டது.

இதைக் கேட்டவுடன் கண்ணீர் வடிப்பது நியாயமாகாது. மவுண்ட் ரோடில் எந்தக் கட்டடமும் ஆதியந்தமற்றதல்ல. ஜெமினி ஸ்டூடியோவே, கே. சுப்பிரமணியத்தின் பழைய ஸ்டூடியோ தீக்கிரையான பின் அதன் இடத்தை எஸ்.எஸ். வாசன் ஏலத்தில் எடுத்து உண்டாக்கியது. அந்த ஜெமினியின் இடத்தில் இப்போது வணிகக் கட்டடமும் நட்சத்திர ஓட்டலும் இருக்கின்றன. தியேட்டர்கள் எழுந்த மனைகளிலும் அவற்றுக்கு முன் பங்களாவும் தோட்டமும் கடையும் இருந்திருக்கும். அவை இடிந்தபோது வருந்தியவர்களும் இருந்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக நஷ்டத்தைச் சுமந்துகொண்டு, ஊராரின் பால்ய நினைவுகளைத் தம் செலவில் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு குடும்பத்தாரை வற்புறுத்த யாருக்கு அதிகாரம் உண்டு?

ஆனால் நம் வழக்கு உரிமையாளர்களோடு அன்று, சர்க்காரோடு. லைசென்ஸிலிருந்து டிக்கெட் விலை வரைக்கும் ஒவ்வொன்றிலும் தலையிட்டு, முன்வரிசைகளில் ஒரு பகுதியைப் பத்து ரூபாய்க்குத்தான் விற்கவேண்டும் என்றுகூடக் கட்டளையிட்டு, பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களை ஒவ்வொரு காட்சியிலும் கட்டாயமாகக் காட்டச் செய்து, தியேட்டரை அதன் ஆயுள் முழுவதும் பாதி பொதுச்சொத்தாகவே நடத்தி வந்தது சர்க்கார். அந்தத் தலையீடுகளில் பல நல்ல நோக்கம் கொண்டவை. ஏழையும் குளிர்ந்த அரங்கில் உட்கார அவற்றாலேயே முடிந்தது. அப்படியிருக்க, அந்தக் கட்டடத்தை இடிக்க விண்ணப்பம் வருகிற அன்றைக்கு மாத்திரம், இது தனியார் சொத்து, இதில் பொதுஜனத்துக்குப் பாத்தியதை எதுவும் இல்லை என்று கையைக் கழுவிவிடுவது என்ன நீதி? பழங்கட்டடங்களைக் காப்பதற்கு ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2012-ல் நிறைவேறியது. அது நிறைவேறி நான்கு ஆண்டுகளுக்குப் பின்தான் சாந்தி இடிபட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், சட்டம் எழுதுவது வேறு, அதற்கு உயிர் கொடுப்பது வேறு என்பது புலப்படும்.

வேறிடங்களில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில், தியேட்டர் மனையை வேறு உபயோகத்துக்கு மாற்றும்போது பழைய இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்கு கொண்ட அரங்கு ஒன்றைப் புதிய கட்டடத்துக்குள் வைத்தே தீரவேண்டும் என்று விதித்தார்கள். அந்த விதி பூரண வெற்றி பெற்றது என்று சொல்லிவிட முடியாது. அரங்கும் நடத்த இஷ்டமில்லாமல், கட்டடமும் எழுப்ப வழியில்லாமல் பூட்டிக்கிடந்த கொட்டகைகள் பம்பாயில் உண்டு. எனினும் 1938-ல் திறக்கப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகளோடு அந்நகரின் அடையாளங்களில் ஒன்றாக விளங்கிய ஈராஸ், சில ஆண்டுகள் மூடிக்கிடந்த பின் 2024-ல், கடைகளுக்கு நடுவே ஏறக்குறைய 300 இருக்கைகளுள்ள ஐமாக்ஸ் அரங்காக மீண்டும் உயிர்பெற்றது. முகப்பு அதே முகப்பு, உள்ளே சுருங்கிவிட்டது, டிக்கெட் விலையோ பழைய தரை டிக்கெட்டுக்காரருக்கு எட்டாதது. அதைக் குறையென்று கொண்டாலும், ஒன்றுமில்லாமற் போவதற்கும் சுருங்கி நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அலட்சியம் செய்யலாகாது.

ஆகவே சென்னையில் நாம் கேட்கவேண்டியது நினைவுச்சின்னம் அன்று. இடிந்த தியேட்டரின் பெயரைப் புதுக் கட்டடத்தின் நெற்றியில் பித்தளை எழுத்தில் பொறிப்பதும் அன்று. மனையின் சொந்தக்காரர் தம் இஷ்டம்போல் மாடிமேல் மாடி எழுப்பட்டும். விதி அனுமதிப்பதற்கு மேல் கொஞ்சம் கூடுதலான தளப்பரப்பையும் சர்க்கார் அவருக்கு விட்டுக்கொடுக்கட்டும். அதற்குப் பிரதியாக, அந்த வளாகத்துக்குள் ஜனங்கள் ஒன்றுகூடிப் பார்க்கவும் கேட்கவும் ஓர் அரங்கும், அந்த அரங்கில் பழைய பத்து ரூபாய் வரிசைக்கு ஈடான சில வரிசைகளும் நிரந்தரமாக இருக்கும்படி அனுமதிப் பத்திரத்திலேயே எழுதி வாங்கட்டும். மூன்றில் ஒரு பங்கு என்ற விதி பம்பாயில் சில இடங்களில் முடங்கியதற்குக் காரணம், அது சுமையை மாத்திரம் விதித்துச் சலுகையைப் போதிய அளவு சேர்க்காததுதான் என்றே தோன்றுகிறது. அந்தக் குறையை நீக்கி வகுத்துக்கொள்ள நமக்கு இடமிருக்கிறது. தேவியும் காசினோவும் இன்றும் படம் காட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் போல நகரமெங்கும் மிஞ்சியிருக்கும் மற்றக் கொட்டகைகளின் மனைகளுக்கும் என்றாவது ஒரு நாள் புதிய வரைபடம் ஒன்று நகரமைப்பு அலுவலகத்தின் மேசைக்கு வரத்தான் போகிறது. வந்தபின் மனு எழுதுவதும், இடித்தபின் கட்டுரை எழுதுவதும் பயன் தாரா. விதி அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.